ஆப்பு வடிவ டிராக்ஸ்டர் மாடல் கட்டுவது எப்படி

டிராக்ஸ்டர் என்பது நேர்கோட்டில் குறுகிய தூரம் சீறும் பந்தய வண்டி. ஆப்பு வடிவ டிராக்ஸ்டரின் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் வேலை குறைவு என்றுதான் தோன்றும். இரண்டு மூன்று துண்டுகளில் ஒரு சட்டம், ஒரு இன்ஜின், நான்கு சக்கரம், மேலே மூட நாலைந்து தட்டைப் பேனல்கள். வளைவு நெளிவு இல்லாத உடலில் என்ன சிரமம் வந்துவிடப் போகிறது? சிரமமே அந்தத் தட்டையில்தான் இருக்கிறது. வளைந்த பாடியில் கால் மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் கண்ணுக்குப் படாமல் போய்விடும். ஒரு சாண் நீளத்துக்கு நேராக ஓடும் பளபளப்பான பக்கத்தில் அதே பள்ளம் மேலே எரியும் விளக்கின் பிம்பத்தை நெளியவைத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் விளக்கத்தாள் சொல்லும் வரிசையை இங்கே அப்படியே பின்பற்ற வேண்டாம். அது பெரும்பாலும் இன்ஜினில் தொடங்கி, பாடியைக் கடைசியில் மூடச் சொல்லும். அப்படிப் போனால் வண்ணம், டீகால் (நீரில் ஊறவைத்து ஒட்டும் படம்) எல்லாம் முடிந்த பிறகுதான் பக்கவாட்டுப் பேனல் சட்டத்தில் உட்காரவில்லை என்பதே தெரியவரும். முதலில் சட்டத்தை நேராக்குங்கள். அதன் மேல் பாடியை ஒட்டாமல் பொருத்திச் சரிசெய்யுங்கள். இன்ஜின் அதற்குப் பிறகு.

எந்தக் காலத்து வண்டி

பந்தய ஓட்டுநர் டோனி நான்சி 1964லேயே பின்பக்க இன்ஜின் கொண்ட ‘வெட்ஜ்’ (ஆப்பு) வண்டிகளை ஓட்டிவிட்டார். ஆனால் இந்த வடிவம் பரவியது 1970களின் தொடக்கத்தில். 1970 மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவின் லாங் பீச் அருகே, லயன்ஸ் ஓடுதளத்தில் பந்தய ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் முன்-இன்ஜின் டிராக்ஸ்டரில் டிரான்ஸ்மிஷன் வெடித்து அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டானது. அடுத்த ஆண்டு இன்ஜினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்த வண்டியோடு வந்து பொமோனாவில் வின்டர்நேஷனல்ஸ் பந்தயத்தை வென்றார். ஓட்டுநர் முன்னால் போனதும், மூக்கிலிருந்து பின்சக்கரம் வரை ஒரே சாய்வாக மூடிவிட்டால் காற்று வண்டியைத் தரையோடு அழுத்துமே என்று பலர் கணக்குப் போட்டார்கள். ஓட்டுநர் டான் ப்ரூடோமின் ஹாட் வீல்ஸ் வண்டி அந்த வரிசையில் பேர்பெற்றது. ஆனால் அகன்ற உடல் கூட்டிய எடைக்கு ஈடாக நேரம் குறையவில்லை. சில ஆண்டுகளில் ஒல்லியான உடலும் உயர்ந்த பின் இறக்கையும்தான் நிலைத்தன.

இந்த வரலாறு மாடலுக்கு நேரடியாக உதவுகிறது. நிஜ வண்டியில் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே இன்ஜினைப் பிரித்துச் சேர்க்க வேண்டும். அதனால் மெல்லிய அலுமினியத் தகடுகளைக் கால் சுற்று திருப்பினால் கழன்றுவிடும் ட்ஸூஸ் பூட்டுகளால் சட்டத்தில் மாட்டியிருப்பார்கள். ஆகவே உங்கள் கிட்டில் தெரியும் எல்லா இணைப்புக் கோடும் தவறு இல்லை. சில கோடுகள் நிஜத்தில் பேனல் பிரியும் இடங்கள். அவற்றை அடைக்கக் கூடாது, கூர்மையாக்க வேண்டும். சில கோடுகள் வார்ப்பு அச்சுத் தயாரிப்பாளரின் வசதிக்காக வந்தவை. அவை தடமே இல்லாமல் மறைய வேண்டும். நிழற்படங்களைச் சேகரித்து, பேனல் பேனலாகப் பார்த்து, அடைக்க வேண்டிய கோடுகளைப் பென்சிலால் குறித்துவிட்டுத்தான் பசையைத் திறக்க வேண்டும். படங்களின் தேதியையும் கவனியுங்கள். இந்த வண்டிகளின் மூக்கும் இறக்கையும் ஒரே பந்தயப் பருவத்துக்குள் மாறியிருக்கும். இரண்டு படங்களைக் கலந்தால் ஒருநாளும் ஓடாத வண்டி ஒன்று மேசையில் நிற்கும்.

துண்டுகளைச் சோதிப்பது

இந்த வகைக் கிட்கள் பெரும்பாலும் 1/25 அளவில் கிடைக்கும். 1/24, 1/16 அளவுகளிலும் டிராக்ஸ்டர் கிட்கள் வந்திருக்கின்றன. கீழே உள்ள அளவுகள் 1/25க்கானவை. பெட்டியில் எழுதியிருக்கும் அளவை மட்டும் நம்ப வேண்டாம். நிஜ வண்டியின் வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) தெரிந்தால் மில்லிமீட்டராக்கி 25ஆல் வகுங்கள். 220 அங்குலம் என்றால் 5588 மி.மீ.; மாடலில் 223.5 மி.மீ. வர வேண்டும்.

துண்டுகளை ஸ்ப்ரூவோடு (அவற்றைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டகம்) சேர்த்தே பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவிடுங்கள். வார்ப்பு அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகப் பூசிய எண்ணெய் போகாவிட்டால், பிரைமர் (வண்ணத்துக்கு அடியில் போகும் முதல் பூச்சு) பிறகு மாஸ்கிங் டேப்போடு உரிந்து வரும். குரோம் துண்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். டயர்களை உடனே வேறு பையில் போடுங்கள். பழைய வினைல் டயரிலிருந்து கசியும் மென்மையாக்கி ஸ்டைரீனை, அதாவது கிட்டின் பிளாஸ்டிக்கை, தின்னும். பல ஆண்டுகள் டயரோடு ஒட்டிக் கிடந்த பாடிப் பேனலில் டயரின் வட்டத் தடம் உருகிப் பதிந்திருப்பது பழைய கிட்களில் சகஜம். அந்தத் தடத்தைத் தேய்த்து எடுக்க முடியாது. குழைந்த பகுதியைச் சுரண்டிவிட்டுப் புட்டி வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

அடுத்து, பேனல்களைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து ஒரு மூலையை விரலால் தட்டுங்கள். எதிர் மூலை எழும்பினால் பேனல் முறுக்கிக்கொண்டிருக்கிறது. 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் முழுகவைத்து, கண்ணாடியில் அழுத்திப் பிடித்து, அப்படியே குளிர்ந்த நீருக்குள் கொண்டுபோங்கள். ஒரே தடவையில் நேராகாவிட்டால் மறுபடி செய்யுங்கள். பொறுமை இழந்து கொதிநீரை ஊற்ற வேண்டாம். ஸ்டைரீன் ஏறக்குறைய 100 டிகிரியில் முழுதும் இளகிவிடும். மெல்லிய சட்டக் குழாய் அந்த நீரில் நூடுல்ஸ் ஆகிவிடும்.

கருவிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்ப்ரூ வெட்டி, 11ஆம் எண் பிளேடு, 0.3 முதல் 2 மி.மீ. வரை துளைமுனைகளோடு கைத்துரப்பணம், 400, 600, 1000, 2000 எண் உப்புத்தாள், திரவ சிமென்ட், சூப்பர் குளூ, ஐந்து நிமிட எபாக்சி, வெள்ளைப் பசை. இவற்றோடு தவறாமல் வேண்டியவை இரண்டு: வளையாத தேய்ப்புக் கட்டை ஒன்று, 30 சென்டிமீட்டருக்குக் குறையாத கண்ணாடித் தகடு ஒன்று.

சட்டம்

கண்ணாடித் தகட்டின் அடியில் ஒரு காகிதம் வையுங்கள். அதில் நடுக்கோடு ஒன்றும், அதற்குச் செங்குத்தாக முன் அச்சு, பின் அச்சுக் கோடுகளும் வரைந்திருக்க வேண்டும். சட்டத்தின் இடது வலது பக்கங்களில் வார்ப்பு அச்சு விட்ட தையல் கோட்டை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். பிளேடின் முதுகை வைத்துச் சுரண்டுங்கள். உப்புத்தாள் உருண்டைக் குழாயைத் தட்டையாக்கிவிடும்.

இரு பக்கங்களையும் குறுக்குக் குழாய்களோடு சேர்த்து, இருபுறமும் சிறு உலோகக் கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தி, இணைப்புகளில் திரவ சிமென்டைத் தூரிகை நுனியால் தொட்டு வையுங்கள். ஒட்டியதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சிமென்ட் இறுகும் முன் தள்ளிச் சரிசெய்யலாம். பத்து நிமிடம் போனால் முடியாது. பிறகு 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். நீண்ட சட்டத்தில் அரைகுறையாகக் காய்ந்த இணைப்பு தன் எடையாலேயே தொங்கும்.

முன் அச்சு பிளாஸ்டிக்கில் வந்திருந்தால் அதை நம்பாதீர்கள். அந்த நீளத்தில் அது கட்டும்போதே ஒடியும், அல்லது வண்டியைக் கண்ணாடிப் பெட்டிக்கு மாற்றும்போது ஒடியும். 0.8 மி.மீ. பித்தளைக் கம்பியாக மாற்றிவிடுங்கள். பின் அச்சுக்குக் கிட்டில் உலோகக் கம்பி இருந்தால் நல்லது. இல்லையென்றால் அதையும் மாற்றலாம். இப்போது நான்கு சக்கரங்களையும் தற்காலிகமாக மாட்டிக் கண்ணாடியில் நிறுத்துங்கள். ஒரு சக்கரம் காற்றில் நின்றால், குறை பெரும்பாலும் அச்சில் இருக்காது, சட்டம் முறுக்கியிருக்கும். அச்சின் துளையைப் பெரிதாக்கி ஒப்பேற்றினால் சக்கரம் தரையைத் தொடும், பாடி சாய்ந்து நிற்கும். சட்டத்தைத்தான் மறுபடி வெந்நீருக்குக் கொண்டுபோக வேண்டும்.

பாடி: நேரம் முழுவதும் இங்கேதான்

பேனல்களை மாஸ்கிங் டேப்பால் மட்டும் சேர்த்து, சக்கரத்தோடு நிற்கும் சட்டத்தின் மேல் வையுங்கள். மூன்று இடங்களைப் பாருங்கள். பக்கவாட்டின் கீழ் விளிம்பு தரைக்கு ஒரே சீராகச் சாய்கிறதா? மூக்கின் நுனி நடுக்கோட்டில் இருக்கிறதா? ரோல் கேஜ் (ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு) மேல் பேனலின் திறப்புக்குள் இடிக்காமல் வருகிறதா? இடித்தால் திறப்பை வெட்டும் முன் கேஜின் உயரத்தைச் சோதியுங்கள். பெரும்பாலும் சட்டம் உள்தாங்கிகளில் முழுதாக இறங்கியிருக்காது. தாங்கியின் உச்சியில் ஒட்டியிருக்கும் பிசிறைச் சீவினால் போதும். உள்ளே மாட்டிக்கொண்ட பேனலை நெம்பி எடுக்கப் பார்த்தால் ஆப்பசைத்த குரங்கு கதைதான். மெல்லிய விளிம்பு வெள்ளையாகக் கீறி, பிறகு பிளந்துவிடும்.

நிற்கும் சாய்வுதான் இந்த வண்டியின் முகம். மூக்கு தரையிலிருந்து 2 முதல் 3 மி.மீ. உயரத்தில் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும். மூக்கு ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகத் தூக்கினாலும் ஆப்பு போய்ப் படகு வந்துவிடும். கிட்களில் முன்பக்கம் தூக்கலாக நிற்பது அடிக்கடி வரும் குறை. முன் அச்சின் துளையைச் சூப்பர் குளூவால் அடைத்து, தேவையான அளவு மேலே புதிதாகத் துளையிடுங்கள். அச்சு மேலே ஏறினால் மூக்கு கீழே இறங்கும். இந்த வேலையை வண்ணத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

இப்போது அடைக்க வேண்டிய இணைப்புகள். உட்புறம் 0.5 மி.மீ. தடிமனுள்ள ஸ்டைரீன் பட்டையை இணைப்பு நெடுக ஒட்டி முட்டுக் கொடுங்கள். சிமென்டைக் குறைவாகவே பயன்படுத்துங்கள். அகன்ற மெல்லிய பேனலின் உட்புறம் சிமென்டைத் தாராளமாகப் பூசினால், கரைப்பான் ஆவியாகும்போது பேனலை உள்நோக்கி இழுக்கும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பக்கம் குழிந்திருக்கும். கரைப்பான் கலந்த டியூப் புட்டியைத் தடிமனாக அப்பினாலும் இதே கதிதான்.

இன்னொரு ஏமாற்று உண்டு. சிமென்ட் போட்ட இணைப்பை மறுநாளே தேய்த்துச் சமமாக்கினால் அன்றைக்கு அருமையாக இருக்கும். வண்ணம் பூசி மூன்று வாரம் ஆனதும் மெல்லிய கோடாக அந்த இணைப்பு திரும்பி வரும். உள்ளே சிக்கிய கரைப்பான் மெதுவாக வெளியேறிச் சுருங்குவதே காரணம். வழி இரண்டு. ஒட்டிவிட்டு ஒரு வாரமாவது காத்திருந்து தேய்ப்பது ஒன்று. மேல் நிரப்பலுக்குச் சூப்பர் குளூவில் டால்கம் பவுடர் கலந்து வைப்பது இன்னொன்று. அது சுருங்காது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். ஒரு இரவு விட்டால் ஸ்டைரீனைவிடக் கடினமாகிவிடும். அப்புறம் தேய்த்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பள்ளமாகும், பசை மேடாக நிற்கும்.

உள்தாங்கிகள் இருக்கும் இடத்துக்கு நேர் வெளியே சுருக்கப் பள்ளங்கள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டையில் 400 எண் உப்புத்தாளைச் சுற்றி, பேனலின் நீளவாக்கில் பத்துப் பன்னிரண்டு இழுப்பு இழுத்தால் மினுமினுப்புப் போகாத தீவுகள் தெரியும், அவைதான் பள்ளங்கள். நிரப்பி, மறுபடி கட்டையால் தேய்க்கவும். விரலால் தேய்க்கவே கூடாது. விரல் மேட்டையும் பள்ளத்தையும் ஒருசேரத் தேய்க்கும். மேற்பரப்பு வழுவழுப்பாகும், சமமாகாது. வெள்ளைத் தட்டில் கண் ஏமாறும் என்பதால், சாம்பல் நிற பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்து, 600ஆல் கட்டையில் தேய்த்துப் பாருங்கள். பள்ளத்தில் பிரைமர் தங்கும், மேட்டில் பிளாஸ்டிக் தெரியும். இந்தச் சுற்று மூன்று நான்கு முறை நடப்பது வழக்கம்தான்.

பாடியின் கூர் விளிம்புகளைக் கட்டையால் ஒரே ஒரு இழுப்பில் லேசாக மழுக்கிவிடுங்கள். 0.2 மி.மீ. போதும். கத்தி முனை போல விட்டால் வண்ணம் விளிம்பிலிருந்து விலகி ஓடும். மெருகேற்றும்போது முதலில் பிளாஸ்டிக் தெரிவதும் அங்கேதான்.

பேனல் பிரியும் நிஜக் கோடுகளைப் பிளேடின் முதுகால் எஃகு அளவுகோலை ஒட்டி மூன்று நான்கு முறை மெதுவாக இழுத்து ஆழமாக்குங்கள். ட்ஸூஸ் பூட்டின் தலை 1/25 அளவில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். கிட்டில் அது புடைப்பாக வந்திருந்தால் தேய்க்கும்போது அழிந்துவிடும். அழியட்டும். சமையலறை அலுமினியத் தாளில், நுனி தட்டையாகத் தேய்த்த ஊசிக் குழாயால் வட்டங்கள் வெட்டி, வண்ணம் முடிந்த பிறகு தெளிவான வார்னிஷ் துளி வைத்து ஒட்டுவது பார்க்க இன்னும் நன்றாக இருக்கும்.

இன்ஜின்

ஆப்பு வண்டிகளில் இன்ஜின் பாதி மறைந்திருக்கும். வெளியே தெரிவது ப்ளோவர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், வால்வு மூடிகள், புகைக்குழாய்கள். அடிப்பகுதியில் மணிக்கணக்கில் உட்கார வேண்டியதில்லை. பேனல்களைக் கழற்றிக் காட்சிக்கு வைப்பதாக இருந்தால் மட்டும் முழு விவரமும் தேவை.

குரோம் துண்டுகளின் மேல் சிமென்ட் பிடிக்காது. ஒட்டும் இடத்தைச் சுரண்ட வேண்டும், அல்லது குரோமை முழுதாக எடுத்துவிட வேண்டும். நடுவில் தையல் ஓடும் ப்ளோவருக்கு இரண்டாவது வழியே மேல். வீட்டு உபயோக ப்ளீச்சில் ஊறவைத்தால் உலோகப் பூச்சு சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் கரையும். கையுறை போடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், அமிலமோ அம்மோனியாவோ அதனோடு சேரக் கூடாது. தையலைத் தேய்த்துவிட்டு, பளபளக்கும் கறுப்பின் மேல் அலுமினிய வண்ணம் அடித்தால் பொம்மைக் குரோமைவிட வார்ப்பு உலோகமாகத் தெரியும். ஜிஎம்சி 6-71 என்ற இந்த ப்ளோவர் டீசல் இன்ஜினுக்காகப் பிறந்தது. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் என்பதே அந்தப் பெயர். அதன் உடல் வெறும் அலுமினிய நிறத்திலும் மெருகேற்றியும் இரண்டு விதமாகவும் ஓடியது. படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பெல்ட் மட்டுக் கறுப்பு, பளபளப்பு வேண்டாம்.

வயரிங்கில் கிட்டில் இருப்பதை நம்பாமல், இன்ஜின் கிரைஸ்லர் ஹெமியில் 392 கன அங்குலமா 426ஆ என்று முதலில் பாருங்கள். 392இல் மேக்னெட்டோ (பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் கருவி) இன்ஜினின் பின்பக்கம் நிற்கும். 426இல் முன்பக்கம், வலது புறம் சாய்ந்து நிற்கும். இரண்டிலும் பிளக் வயர்கள் வால்வு மூடியின் நடுவில் உள்ள துளைகளுக்குள் இறங்கும், பக்கத்துக்கு நான்கு. 0.3 மி.மீ. வயர் சரியான தடிமன், 0.5 போட்டால் தோட்டத்துக் குழாய் மாதிரி இருக்கும். மேக்னெட்டோ மூடியில் வட்டமாக எட்டுத் துளை. வண்டி ஓடும் திசையில் இடது பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7; வலது பக்கம் 2, 4, 6, 8. எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. 426இல் மேலிருந்து பார்க்கும்போது இந்த வரிசையைக் கடிகார எதிர்த்திசையில் மூடியைச் சுற்றி வையுங்கள். யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றும். மாடல் கண்காட்சியில் எண்ணுவார்கள்.

ரேடியேட்டர் தேடி அலைய வேண்டாம். இவற்றில் அது கிடையாது. எரிபொருள் தொட்டி மூக்குக்குள் இருக்கும். அங்கிருந்து தடித்த குழாய் ஒன்று சட்டத்தின் ஓரமாகப் பின்னோக்கி வந்து இன்ஜினின் முன்முகத்தில் உள்ள பம்பில் சேரும். 0.8 மி.மீ. கறுப்பு வயரோ, மெல்லிய எஃகுப் பின்னல் குழாயோ அதற்குப் போதும். பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போவது கொஞ்சம் மெல்லியது. நாஸில்களுக்குப் பிரிவது 0.3 மி.மீ.

புகைக்குழாய்களின் நுனி மூடியிருந்தால் மாடல் முழுவதும் பொம்மையாகிவிடும். நிஜத்தில் குழாயின் குறுக்களவு சுமார் இரண்டேகால் அங்குலம், 1/25இல் 2.3 மி.மீ. ஊசியால் நடுவைக் குத்தி, 1 மி.மீ. துளைமுனையால் தொடங்கி, 1.8க்குக் கையால் மெதுவாக விரியுங்கள். ஆழம் 3 மி.மீ. இருந்தால் போதும். எட்டுக் குழாயும் ஒரே கோணத்தில் மேல்நோக்கிப் பின்னால் சாய வேண்டும். ஒட்டியதும் பக்கத்திலிருந்து ஒரு அட்டைத்துண்டை நுனிகளுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், விலகியது உடனே தெரியும்.

எல்லாம் ஒட்டிய இன்ஜினைச் சட்டத்தில் வைத்து, பாடியை மறுபடி மூடிப் பாருங்கள். இதைத் தவிர்த்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. புகைக்குழாயின் வேர் பக்கவாட்டுப் பேனலின் வெட்டில் இடிக்கும், அல்லது இன்ஜெக்டர் திறப்பைத் தாண்டி வராது. இரண்டு பக்கமும் வண்ணம் ஏறினால் இடைவெளி இன்னும் 0.1, 0.2 மி.மீ. சுருங்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு, வெட்டைச் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் காற்று விடுங்கள். புகைக்குழாய் மட்டும் வழிமறித்தால் அதை ஒட்டாமல் வைத்து, பாடி மாட்டிய பிறகு வெளியிலிருந்து பொருத்துவதே நல்லது.

வண்ணம்

பாடி பேனல்கள் எத்தனை இருந்தாலும் ஒரே அமர்வில், ஒரே திசையில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி அடியுங்கள். கேண்டி (ஒளி ஊடுருவும் வண்ணம்), பெர்ல் (முத்துப் போல மின்னும் வண்ணம்) வகைகளில் ஆழம் பூச்சின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மூக்குக்கு நான்கும் பக்கத்துக்கு ஐந்தும் கொடுத்தால் இரண்டு வண்டிகளின் துண்டுகள் மாதிரி இருக்கும். இழுப்புகளை வாய்விட்டு எண்ணுங்கள்.

மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சுக்கு வெள்ளை பிரைமர் வேண்டும். சாம்பல் மேல் மஞ்சள் பச்சை பாய்ந்து நிற்கும். லேக்கரை வெறும் பிளாஸ்டிக்கில் நேரடியாக அடித்தால் பரப்பு முதலைத்தோல் மாதிரி வெடிக்கும், பிரைமர் அதற்குத் தடுப்புச் சுவர். எனாமல் மேல் லேக்கர் போகக் கூடாது. லேக்கர் நன்றாகக் காய்ந்த பின் அதன் மேல் எனாமல் போகலாம். ஏர்பிரஷ் என்றால் 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தம், 12 சென்டிமீட்டர் தூரம். ஸ்ப்ரே டப்பா என்றால் 20 முதல் 25 சென்டிமீட்டர், அடிப்பதற்கு முன் டப்பாவை வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் துளி நுண்ணியதாக வரும். முதலில் இரண்டு தூறல் பூச்சு, கால் மணி நேர இடைவெளியில் இரண்டு ஈரப் பூச்சு. பேனலைக் கிடைமட்டமாக வைத்து அடிப்பது தட்டைப் பரப்புக்கு நல்லது, வழியாது.

காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்காதீர்கள், முகர்ந்து பாருங்கள். வாசனை இருக்கும்வரை கரைப்பான் வெளியேறிக்கொண்டிருக்கிறது. எனாமலுக்கு ஒரு வாரம் என்பது சாதாரணம். அதற்கு முன் மாஸ்கிங் டேப் ஒட்டினால் டேப்பின் அச்சு நிரந்தரமாகப் பதியும்.

சட்டத்துக்குக் கறுப்பு, சாம்பல், அல்லது படத்தில் உள்ளபடி. பாடிக்குள் உட்புறம் பெரும்பாலும் வெறும் அலுமினியம்தான். அதை உடல் வண்ணத்திலேயே விட்டுவிடுவது அடிக்கடி கண்ணில் படும் தவறு.

டீகால்

பெரிய விளம்பரப் பெயர்களைத் தட்டைப் பக்கத்தில் ஒட்டுவது சுலபம் போலத் தோன்றும். வெள்ளி படர்வது இங்கேதான் அதிகம் தெரியும். பரப்பு முழுப் பளபளப்பாக இல்லாவிட்டால் நுண்ணிய காற்றுக் குழிகள் படலத்துக்கு அடியில் சிக்கி வெள்ளியாக மின்னும். முதலில் பளபளப்பான தெளிவுப் பூச்சு, அது காய்ந்த பின் டீகால்.

பழைய கிட்டின் டீகாலாக இருந்தால் உதவாத சிறிய ஒன்றை வெட்டி நீரில் போட்டுச் சோதியுங்கள். நொறுங்கினால் தாள் முழுவதிலும் லேசாகத் தெளிவான லேக்கர் பூசிக் காயவைத்து, ஒவ்வொன்றையும் வரம்பை ஒட்டி வெட்டுங்கள். மஞ்சள் பாய்ந்த படலத்தைச் சன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாட்கள் ஒட்டிவைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். பேனல் கோட்டின் மேல் போகும் டீகால் பாதி காய்ந்ததும் புது பிளேடால் கோடு நெடுக அறுத்து, மென்மையாக்கும் திரவம் ஒரு துளி விடுங்கள். சுருங்கிக் கோரமாகத் தெரியும் அந்தப் பத்து நிமிடமும் கையை வைக்காதீர்கள். தானாக இழுத்துக்கொண்டு படியும்.

இரண்டு நாள் கழித்து இறுதித் தெளிவுப் பூச்சு. மெருகேற்றுவதாக இருந்தால் 2000க்கு மேற்பட்ட எண்ணில் ஈரமாகத் தேய்த்துப் பிறகு பாலிஷ். விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளியே நில்லுங்கள்.

இறுதிப் பொருத்தம்

டயரை மாட்டும் முன் ரிம்மின் உட்பரப்பில் அக்ரிலிக் வண்ணம் இரண்டு பூச்சு கொடுங்கள், அல்லது உலோகத்தாள் பட்டை ஒன்று சுற்றுங்கள். மென்மையாக்கியின் தாக்குதல் ரிம்மிலும் நடக்கும். ஸ்லிக்கின் (வரிப்பள்ளம் இல்லாத பின் டயர்) தரை தொடும் பரப்பை 320 எண்ணில் லேசாகத் தேய்த்தால் ஓடிய டயராகிவிடும். அடியில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குத் தட்டையாக்கினால் எடை தாங்கி நிற்பது போல இருக்கும். முன் சக்கரங்களில் பிரேக் எதுவும் சேர்க்காதீர்கள். நிஜத்தில் பின்னால் மட்டும்தான்.

காக்பிட்டில் இருக்கைப் பட்டைகளை மெல்லிய துணி டேப்பில் வெட்டலாம். அளவு 3 மி.மீ. அகலம், ஏனெனில் நிஜப் பட்டை மூன்று அங்குலம். காற்றுத்தடுப்புக் கண்ணாடியை வெள்ளைப் பசையால் மட்டும் ஒட்டுங்கள். சூப்பர் குளூவின் ஆவி அதைப் பனி மூடியது போல வெளுக்கும், துடைத்தாலும் போகாது. வண்டியை நிறுத்த உதவும் பாராசூட் பைகளின் வாய் நாடாக்கள் பின்புறச் சட்டத்தில் உறுதியாகக் கட்டிய மாதிரி தெரிய வேண்டும், பாடித் தகட்டில் அல்ல.

இறக்கை கடைசி. இரண்டு தாங்கிகளிலும் கம்பி ஊன்றி, எபாக்சியால் ஒட்டுங்கள், ஐந்து நிமிடம் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும். வண்டியைக் கண்ணாடித் தகட்டில் நிறுத்தி, பின்னால் ஒரு மீட்டர் தள்ளி நின்று, இறக்கையின் விளிம்பும் பின் அச்சும் இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பாடியின் மேல் விளிம்போடு ஒப்பிட வேண்டாம். சட்டத்தில் ஏதாவது மீதக் கோணல் இருந்தால் பாடியும் சேர்ந்து சாய்ந்திருக்கும். கண் அதை நேர் என்று நம்பிவிடும்.